ஏ400எம் இராணுவச் சரக்கு விமானம் இவ்வளவு தடுமாறியது ஏன்?

வானோக்கி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஐரோப்பிய நாடுகள் கூட்டாக உருவாக்கிய ஏ400எம் இராணுவச் சரக்கு விமானத்தின் வரலாற்றைச் சில வாரங்களாகப் படித்துவருகிறேன். 2003 மே மாதத்தில் ஜெர்மனி, பிரான்சு, ஸ்பெயின், பிரிட்டன், துருக்கி, பெல்ஜியம், லக்சம்பர்க் ஆகிய ஏழு நாடுகள் 180 விமானங்களுக்கு ஏறத்தாழ 2,000 கோடி யூரோ மதிப்பில் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2008 தொடக்கத்தில் முதல் பறப்பு, 2009-இல் முதல் விமானம் படையின் கைக்கு வரும் என்பதுதான் அன்றைய ஏற்பாடு. ஆனால் 2008 ஜூன் 26 அன்று செவில் நகரில் ஸ்பெயின் மன்னர் முன்னிலையில் வெளியே இழுத்துவரப்பட்ட விமானம், ஓடுபாதையை விட்டு எழும்புவதற்கு 2009 டிசம்பர் 11 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிரெஞ்சு விமானப்படை முதல் விமானத்தைப் பெற்றுக்கொண்டது 2013 ஆகஸ்டில். அதற்குப் பிறகும் 2015-இல் ஒரு கோர விபத்து, 2016-இல் கியர்பாக்ஸ் கோளாறு, உடற்பகுதியில் விரிசல் என்று தொல்லைகள் ஓயவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். 560 டன் எடையுள்ள ஏ380 விமானத்தை 2005-இலேயே பறக்கவிட்ட ஏர்பஸ் குழுமம், அதிகபட்சம் 141 டன் எடையுள்ள ஒரு விமானத்தில் இப்படித் தடுக்கி விழுவானேன்? எல்லாப் பழியையும் எஞ்சின் மீது போட்டுவிட்டுப் போகும் கட்டுரைகளையே பெரும்பாலும் காண்கிறேன். அது முழு உண்மைதானா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பற்சக்கரம் எழுதியது:

எஞ்சின் மீது பழி போடுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏன் புதிய எஞ்சின் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

பிரான்சும் ஜெர்மனியும் அதுவரை பயன்படுத்திவந்த டிரான்சால் விமானத்தின் எஞ்சின் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6,100 குதிரைத்திறன் தந்தது. அமெரிக்காவின் சி-130ஜே ஹெர்குலிஸ் எஞ்சினோ 4,600 குதிரைத்திறனை ஒட்டியது. ஏ400எம் கேட்டதோ 11,000 குதிரைத்திறன். 4 மீட்டர் அகலமும் 3.85 மீட்டர் உயரமும் 17 மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள சரக்கறையில் 37 டன் வரை ஏற்ற வேண்டும். ஜெட் விமானத்துக்குச் சற்றே குறைந்த வேகத்தில் உயரப் பறக்க வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் தார் போடாத குட்டை ஓடுபாதையிலும் இறங்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே விமானத்தில் எதிர்பார்த்தால் வலிமை மிக்க டர்போபிராப், அதாவது சுழலி எஞ்சினால் புரொப்பெல்லரைச் சுழற்றும் வகைதான் வழி. அந்த அளவில் மேற்கு நாடுகளில் எவரிடமும் கைவசம் எஞ்சின் இல்லை. பயன்பாட்டில் இருந்தவற்றுள் அதைவிடப் பெரியது, சோவியத் ஒன்றியம் 1950-களில் டியூ-95 குண்டுவீச்சு விமானத்துக்காகச் செய்த என்கே-12 மட்டுமே.

ஆக, டிபி400 என்ற எஞ்சினை வெற்றுத்தாளிலிருந்து வரைய வேண்டியிருந்தது. அதற்காக ரோல்ஸ்ராய்ஸ், பிரான்சின் ஸ்னெக்மா, ஜெர்மனியின் எம்டியு, ஸ்பெயினின் ஐடிபி ஆகிய நான்கும் சேர்ந்து யூரோபிராப் என்ற பெயரில் ஒரு கூட்டு நிறுவனத்தை அமைத்தன. கியர்பாக்ஸ் இத்தாலியின் ஆவியோவிடமும், 5.33 மீட்டர் விட்டமும் எட்டு அலகுகளும் (இதழ்களும்) கொண்ட புரொப்பெல்லர் பிரான்சின் ராட்டியே ஃபிஜாக்கிடமும் போயின. நான்கு நிறுவனங்களும் தனித்தனியே பழுத்த அனுபவம் உள்ளவைதாம். ஆனால் இவ்வளவு பெரிய டர்போபிராப்பை அந்தக் கூட்டு நிறுவனம் அதற்கு முன் செய்ததே இல்லை.

இதில் என்னைக் கவர்ந்த நுட்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு இறக்கையிலும் உள்ள இரண்டு புரொப்பெல்லர்களும் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. இரண்டு எஞ்சின்களுக்கும் நடுவிலான இடைவெளியில் இரு பக்க அலகுகளும் மேலிருந்து கீழ்நோக்கி வரும். இறக்கை மீது பாயும் காற்று இதனால் சீராகிறது, ஓர் எஞ்சின் நின்றுபோனாலும் விமானம் ஒரு பக்கமாக இழுப்பது குறைகிறது. எஞ்சின்கள் நான்கும் ஒரே திசையில்தான் சுழல்கின்றன. திசையை மாற்றுவது கியர்பாக்ஸுக்குள் கூடுதலாக வைத்த ஒரு பற்சக்கரம். பட்டறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், கூடுதல் பற்சக்கரம் என்றால் கூடுதல் சூடு, கூடுதல் தேய்மானம், கூடுதல் கவலை. 2016-இல் அந்தக் கியர்பாக்ஸில் பற்சக்கரங்கள் விரிசல் விடுவது தெரியவந்தபோது, பாதிக்கப்பட்ட எஞ்சின்களை 20 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டிய நிலை வந்தது. ஒரு நீண்ட பயணம் போய்வந்தாலே 20 மணி நேரம் தீர்ந்துவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நான் சிறிய டர்போபிராப் எஞ்சின்களைப் பராமரித்தவன். கியர்பாக்ஸ் எண்ணெய் ஓடும் வழியில் காந்தச் செருகி ஒன்று இருக்கும். அதைக் கழற்றித் துணியில் துடைக்கும்போது சாம்பல் நிறத்தில் மாவு போல ஏதாவது ஒட்டியிருந்தால் கவலையில்லை, அது வழக்கமான தேய்மானம். நகத்துணுக்கு போல மினுமினுக்கும் சில்லு ஒன்று அகப்பட்டால் அன்றைக்கு அந்த விமானம் தரையில்தான். ஏ400எம் விஷயத்திலும் இதுவே நடந்தது. 2012-இல் சான்றளிப்புக்கான நீண்ட சோதனைப் பறப்புகளின்போது எண்ணெயில் உலோகச் சில்லுகள் கிடைத்தன; அந்த ஆண்டு பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சிக்கு வந்த விமானம் வானில் வித்தை காட்டாமல் தரையில் நின்றது. முந்தைய ஆண்டு பாரிசிலும் கியர்பாக்ஸ் கோளாறால் பறப்புக் காட்சிக்கு இடையூறு. பிரிட்டன் இதற்கு அட்லஸ் என்று பெயர் சூட்டியதும் அதே 2012 ஜூலையில்தான். வானத்தைத் தோளில் சுமந்தவனின் பெயரைச் சூட்டிய மாதத்தில் விமானம் வானேறாமல் நின்றது வேடிக்கைதான்.

கணக்கன் எழுதியது:

நண்பர் பற்சக்கரம் சொன்ன விவரங்கள் அனைத்தும் சரியே. ஆனால் எஞ்சின் கோளாறை நோயின் அடையாளம் என்றே கொள்வேன்; நோய் 2003-இல் கையெழுத்தான காகிதத்தில் இருக்கிறது.

பொதுவாகப் புதிய போர்க்கருவி ஒன்றை உருவாக்கும்போது, முதலில் ஆய்வுக்கும் மாதிரி வடிவத்துக்கும் அரசு பணம் தரும். தெரியாதவை தெரிந்தவையாக மாறிய பிறகே தொகுதியாகத் தயாரிக்க விலை பேசுவார்கள். ஏ400எம் திட்டத்தில் அந்த இடைப்படி இல்லை. பயணிகள் விமானம் வாங்குவது போலவே, இன்ன விலை, இன்ன நாள், இத்தனை விமானம் என்று ஒரே ஒப்பந்தத்தில் முடித்துக்கொண்டார்கள். பயணிகள் விமானத்துக்கு அது பொருந்தும், ஏனென்றால் அங்கே தயாரிப்பாளர் தனக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையைத்தான் மறுபடி செய்கிறார். இங்கே எஞ்சின் புதிது, கரியிழைக் கலவையால் ஆன இறக்கை புதிது, தாழப் பறத்தல், வானிலேயே எரிபொருள் வழங்குதல், வான்குடை வீரர்களை இறக்குதல் போன்ற படைத்துறைப் பணிகளும் அந்த நிறுவனத்துக்குப் பெரும்பாலும் புதியவை. ஒவ்வொன்றின் அபாயத்தையும் மாறாத விலைக்குள் அடைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். அரசுகளுக்கு அது இலாபமான பேரமாகத் தோன்றியிருக்கும். நிறுவனத்துக்கு அன்றைக்கு அந்த ஒப்பந்தம் எப்படியாவது வேண்டும். இருவரும் தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

எஞ்சின் தேர்விலும் அரசியல் இருந்தது. ஏர்பஸ் முதலில் சாய்ந்தது கனடாவின் பிராட் அண்ட் விட்னி எஞ்சின் பக்கம். ஐரோப்பியப் பணத்தில் ஐரோப்பிய எஞ்சினே வேண்டும் என்ற அழுத்தம் எழுந்த பிறகு, யூரோபிராப் விலையைத் திருத்தித் தந்து ஒப்பந்தத்தைப் பெற்றது. பிற்காலத்தில் ஏர்பஸ் தலைவராக இருந்த டாம் எண்டர்ஸ், அனுபவமற்ற எஞ்சின் கூட்டணியை ஏற்றதையும், அந்த எஞ்சினுக்கான பொறுப்பைத் தாமே தலையில் போட்டுக்கொண்டதையும் பெரும் தவறுகள் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். இரண்டாவது தவறைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பயணிகள் விமானத்தில் எஞ்சின் பழுதுபட்டால் விமான நிறுவனம் எஞ்சின் தயாரிப்பாளரைப் பிடித்துக்கொள்ளும். இங்கே எஞ்சின் தாமதமானாலும் படைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அபராதம் கட்ட வேண்டியதும் விமானம் செய்பவர்.

வேலைப் பங்கீடு வேறு. இறக்கை பிரிட்டனில், உடற்பகுதி ஜெர்மனியில், முகப்பு பிரான்சில், கோப்பது ஸ்பெயினில் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் அது வாங்கும் எண்ணிக்கைக்கு ஏற்ற வேலை போக வேண்டும். ஏர்பஸுக்கு இது பழகிய முறைதான். எஞ்சினுக்குள்ளும் அதே முறையைப் புகுத்தியதுதான் வினையானது. காற்றழுத்திகளில் ஒன்றை ஒருவர், மற்றொன்றை இன்னொருவர், எரியறையை மூன்றாமவர், கடைசிச் சுழலியை நான்காமவர் என்று செய்து, ஒரு கோளாறு வந்தால் அது எவருடைய பகுதியில் தொடங்கியது என்று கண்டுபிடிக்கவே கூட்டம் போட வேண்டிய நிலை.

முடிவு தெரிந்ததே. 2009 ஜனவரியில் குறைந்தது மூன்று ஆண்டுத் தாமதம் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்கா தன் எட்டு விமானங்களையும் வேண்டாம் என்றது. 2010-இல் அரசுகள் கூடுதலாக 200 கோடி யூரோ தரவும், ஏற்றுமதி வருவாயிலிருந்து திருப்பிக்கொள்ளும் வகையில் 150 கோடி யூரோ முன்பணமாகத் தரவும் இசைந்தன. ஜெர்மனி 60-ஐ 53 ஆகவும், பிரிட்டன் 25-ஐ 22 ஆகவும் குறைத்துக்கொண்டன. அதன் பிறகும் ஏர்பஸ் தன் கணக்கில் 2016-இல் 220 கோடி யூரோவும் 2017-இல் 130 கோடி யூரோவும் இந்த ஒரு விமானத்துக்காக இழப்பாக எழுதியது.

வானோக்கி எழுதியது:

இருவருக்கும் நன்றி. கணக்கன் அவர்கள் சொன்ன எஞ்சின் பொறுப்பு விவகாரம் நான் எங்கும் படிக்காதது.

ஒரு துணைக்கேள்வி. இயந்திரப் பகுதிகளைவிட எஞ்சினின் கட்டுப்பாட்டு மென்பொருளால்தான் முதல் பறப்பு தள்ளிப்போனது என்று ஓரிடத்தில் படித்தேன். 2015 விபத்துக்கும் மென்பொருளே காரணம் என்கிறார்கள். இரண்டும் ஒரே குறைதானா? அப்படியானால் 2009-இல் சரிசெய்ததாகச் சொன்னது 2015-இல் மறுபடி எப்படித் தலைகாட்டியது?

குறியீட்டாளன் எழுதியது:

இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இக்கால எஞ்சினில் விமானியின் நெம்புகோலுக்கும் எரிபொருள் குழாய்க்கும் இடையே கம்பி இணைப்பு எதுவும் இல்லை. நெம்புகோல் ஒரு விருப்பத்தைத் தெரிவிக்கிறது. ஃபாடெக் என்னும் கணினி அதைப் படித்து, எரிபொருள் எவ்வளவு, அலகுகளின் சாய்வுக்கோணம் எவ்வளவு என்று முடிவு செய்கிறது. ஜெட் எஞ்சினைவிட டர்போபிராப்பில் இந்த வேலை கடினம், ஏனென்றால் எஞ்சினையும் புரொப்பெல்லரையும் ஒரே நேரத்தில் ஒத்திசைத்து நடத்த வேண்டும்.

முதல் சிக்கல் சான்றளிப்பைச் சார்ந்தது. இந்த விமானம் ஐரோப்பிய வான் பாதுகாப்பு முகமையின் சிவிலியன் சான்றைப் பெற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அப்படிப்பட்ட சான்றுக்கு மென்பொருள் சரியாக ஓடினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வரியும் எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது, எந்தச் சோதனையால் சரிபார்க்கப்பட்டது என்பதற்கு ஆவணச் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். படைத்துறைப் பழக்கத்தில் வளர்ந்த ஃபாடெக் மென்பொருளுக்கு அந்தச் சங்கிலி தேவையான தரத்தில் இல்லை என்று தாமதமாகத்தான் தெரியவந்தது. ஏற்கெனவே ஓடும் மென்பொருளுக்குப் பிற்பாடு ஆவணம் எழுதுவது, கட்டி முடித்த வீட்டுக்கு அடித்தளம் தோண்டுவது போன்றது. பெரும் பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. எஞ்சின் 2005 அக்டோபரில் தரையில் முதன்முதலாக ஓடியது. பழைய சி-130 விமானம் ஒன்றின் இறக்கையில் அதை மாட்டி வானில் சோதித்ததோ 2008 டிசம்பர் 17 அன்றுதான். ரைட் சகோதரர்கள் பறந்த அதே நாள், சரியாக 105 ஆண்டுகள் கழித்து. எஞ்சினுக்கு முழுச் சான்று கிடைத்தது 2011 மே மாதத்தில்.

இரண்டாவது, 2015 மே 9. துருக்கிக்காகச் செய்யப்பட்ட விமானம், செவிலிலிருந்து தன் முதல் பறப்புக்காகக் கிளம்பியது. தரையை விட்டு எழும்பியதும் முதல் மூன்று எஞ்சின்களின் விசை அப்படியே உறைந்து நின்றது. நெம்புகோலை அசைத்தால் நான்காவது எஞ்சின் மட்டுமே பதில் சொன்னது. விசையைக் குறைப்பதற்காக விமானிகள் நெம்புகோல்களைக் குறைந்தபட்ச நிலைக்கு இழுத்தனர். விசை குறைந்தது. ஆனால் திரும்பக் கூட்டியபோது அந்த மூன்று எஞ்சின்களும் ஏறவே இல்லை, குறைந்தபட்ச நிலையிலேயே தங்கிவிட்டன. ஓர் எஞ்சினை மட்டும் நம்பித் திரும்ப முயன்ற விமானம், மின்கம்பம் ஒன்றில் மோதி வயலில் வீழ்ந்தது. ஆறு பேரில் நால்வர் மாண்டனர்.

புரொப்பெல்லர் தண்டு எவ்வளவு முறுக்கப்படுகிறது என்பதை உணரிகள் அளக்கின்றன. அந்த உணரி தருவது வெறும் மின்குறிப்பு. ஒவ்வோர் எஞ்சினுக்கும் உரிய அளவுத்திருத்த எண்கள் கணினியில் இருந்தால்தான் அந்தக் குறிப்பு முறுக்குவிசையாகப் பொருள்படும். தொழிற்சாலையில் மென்பொருளை ஏற்றும்போது மூன்று எஞ்சின்களில் அந்த எண்கள் தவறுதலாக அழிந்துபோயிருந்தன. கணினிக்கு எஞ்சின் என்ன செய்கிறது என்று புரியவில்லை. புரியாதபோது தற்காப்பாக என்ன செய்யும்படி வடிவமைத்தார்களோ அதைச் செய்தது. ஓர் எஞ்சின் மட்டும் குழம்பினால் அந்தத் தற்காப்பு சரியானதே, மற்ற மூன்றும் இருக்கின்றன. மூன்று ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் குழம்பும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இதில் என்னை உறுத்துவது வேறொன்று. ராய்ட்டர்ஸ் பார்த்த பாதுகாப்பு ஆவணம் ஒன்றின்படி, எண்கள் இல்லை என்ற எச்சரிக்கை விமானிக்கு முதலில் வரக்கூடியதே 400 அடி உயரத்தில்தான். அதாவது தரையில் நின்றபடி அதை அறிய வழியில்லை.

என் அனுபவத்தில் ஒரு சிறு நிகழ்வு. பெயர் வேண்டாம், ஓர் ஆலையில் எடையளக்கும் உணரியின் அளவுத்திருத்தக் கோப்பு ஏற்றப்படாமலே இயந்திரத்தை ஓட்டிவிட்டோம். திரையில் எல்லா விளக்கும் பச்சை. கோப்பு இல்லாவிட்டால் எண்ணைச் சுழியமாக எடுத்துக்கொள் என்று நான்தான் எழுதியிருந்தேன். தொட்டி நிரம்பி வழிந்து தரை நனைந்ததோடு போயிற்று. அன்றிலிருந்து, எண் இல்லை என்றால் இயந்திரம் தொடங்கவே கூடாது என்பதை முதல் வரியாக எழுதுகிறேன்.

ஆக, உங்கள் கேள்விக்கு விடை: 2009-க்கு முன் இருந்தது மென்பொருளை நிரூபிப்பதில் வந்த தாமதம். 2015-இல் நடந்தது, நிரூபிக்கப்பட்ட மென்பொருளைத் தொழிற்சாலைத் தளத்தில் ஏற்றிய முறையில் வந்த பிழை. சான்றிதழ் முதலாவதைக் காக்கிறது. இரண்டாவதைக் காக்க வேண்டியது, கணினியைக் கையில் பிடித்துக்கொண்டு எஞ்சின் அருகே நிற்கும் தொழிலாளிக்குத் தரப்படும் நடைமுறை.

பழம்பறவை எழுதியது:

ஏ400எம் விமானத்தை மட்டும் தனியே நிறுத்தி அடிப்பது முறையல்ல என்று கருதுகிறேன். இந்த வகை விமானங்களில் தடுமாறாமல் பிறந்தது அரிது.

இன்று எல்லாரும் புகழும் அமெரிக்காவின் சி-17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1992 அக்டோபரில் தரைச் சோதனையில் அதன் இறக்கை உடைந்தது. வடிவமைப்பு வரம்பைப் போல ஒன்றரை மடங்கு சுமையைத் தாங்க வேண்டியது, 128 விழுக்காட்டிலேயே முறிந்தது. 1993 இறுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, இரண்டு ஆண்டுக்குள் திருந்தாவிட்டால் 40 விமானத்தோடு திட்டத்தை நிறுத்திவிடுவோம் என்று மெக்டானல் டக்ளஸ் நிறுவனத்தை எச்சரித்தது. திருந்தினார்கள், கடைசியில் 279 விமானங்கள் செய்யப்பட்டன. ஜப்பானின் கவாசாகி சி-2 விமானத்தில் 2014 ஜனவரியில் தரையில் காற்றழுத்தச் சோதனை நடந்தபோது பின்புறச் சரக்குக் கதவும் அதை ஒட்டிய உடற்பகுதியும் பிய்ந்தன. அது படையில் சேர்ந்தது 2017-இல். உக்ரைனின் ஏஎன்-70 இன்னும் பரிதாபம். 1994 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது, 1995 பிப்ரவரியில் உடன் பறந்த கண்காணிப்பு விமானத்தோடு உரசி வீழ்ந்தது. எழுவர் இறந்தனர். இரண்டாவது மாதிரி 2001-இல் ஓம்ஸ்க் நகரில் புறப்பட்டவுடனே எஞ்சின் விசை இழந்து தரையில் மோதியது.

இருந்தாலும் பற்சக்கரம் அவர்களின் வாதத்துக்கு இதிலேயே சான்று கிடைக்கிறது. சி-17 எடுத்துக்கொண்டது போயிங் 757 விமானத்தில் பழகிய எஞ்சினின் படைத்துறை வடிவம். சி-2 விமானத்துக்குப் பல பயணிகள் விமானங்களில் ஓடித் தேர்ந்த சிஎஃப்6. பிரேசிலின் சி-390 விமானத்துக்கு ஏ320 குடும்பத்தின் வி2500. இவர்களுக்கு வந்தவை பெரும்பாலும் உலோகத் தொல்லைகள், வலுவூட்டினால் தீர்ந்துவிடும். எஞ்சினும் விமானமும் இரண்டுமே புதிது என்று இறங்கியவர்கள் ஏஎன்-70 தரப்பும் ஏ400எம் தரப்பும்தான். ஏ400எம் விமானத்துக்குத் தொடர்ந்து பணம் போட ஆள் இருந்தது, ஏஎன்-70 விமானத்துக்கு இல்லை.

தரைப்படை ஆர்வலன் எழுதியது:

எஞ்சினையும் ஒப்பந்தத்தையும் பற்றியே பேசுகிறோம். படைவீரருக்கு விமானம் கைக்கு வந்த பிறகும் அது செய்ய மறுத்த வேலைகள் இருந்தன.

முதலாவது, வான்குடை வீரர்கள். ஏ400எம் விமானத்தின் இரு பக்கக் கதவுகள் வழியாகவும் ஒரே நேரத்தில் வீரர்கள் குதிக்க வேண்டும். அகன்ற உடற்பகுதியின் பின்னே உருவாகும் காற்றுச்சுழல், இடப்பக்கம் குதித்தவரையும் வலப்பக்கம் குதித்தவரையும் நடுவே இழுத்தது. குடைகள் ஒன்றோடொன்று சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் நெடுங்காலம் ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டுமே திறந்திருந்தது. இரு கதவுகளிலும் ஒருசேர, பக்கத்துக்கு 58 பேராக 116 பேர் குதிக்கலாம் என்ற நிலை 2020-இல்தான் வந்தது. இது கணினியால் தீர்க்கக்கூடிய சிக்கல் அல்ல. முதலில் பொம்மை உடல்களையும், பிறகு துணிந்த மனிதர்களையும் தள்ளித் தள்ளித்தான் இடைவெளியையும் வேகத்தையும் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது, ஹெலிகாப்டருக்கு வானில் எரிபொருள் தருவது. போர் விமானத்துக்குத் தருவது எளிது, இரண்டும் வேகமாகப் பறக்கின்றன. ஹெலிகாப்டருக்காக 141 டன் விமானம் தன் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைக்க வேண்டும். குறைத்தால் அதன் பின்னால் காற்று கொந்தளிக்கிறது. அந்தக் கொந்தளிப்புக்குள் ஹெலிகாப்டரின் சுழல் அலகு குழாய்க்கு அருகே வர வேண்டும். குழாயை நீட்டி, பறக்கும் நிலையை மாற்றி, பல ஆண்டுகள் சோதித்த பிறகே இது கைகூடியது.

இடைப்பட்ட காலத்தில் பிரான்சு பொறுக்கவில்லை. 2016 ஜனவரியில் நான்கு சி-130ஜே விமானங்களுக்குக் கையெழுத்திட்டது, அவற்றில் இரண்டு எரிபொருள் தரும் வகை. பின்னர் ஜெர்மனி ஆறு வாங்கி, இரு நாடுகளும் பிரான்சின் எவ்ரே விமானத்தளத்தில் கூட்டுப் படைப்பிரிவு ஒன்றை அமைத்தன. இதில் ஒரு பழைய கதை ஒளிந்திருக்கிறது. 1982-இல் இந்த விமானத்துக்கான முதல் ஆய்வுக்குழு அமைந்தபோது அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனமும் அதில் உறுப்பினர். 1989-இல் அது விலகித் தன் பழைய ஹெர்குலிஸையே புதுப்பிக்கப் போனது. அப்படிப் பிறந்ததுதான் சி-130ஜே.

வானோக்கி எழுதியது:

எதிர்பார்த்ததைவிட மிகுதியாகவே கற்றுக்கொண்டேன். பழம்பறவை ஐயா தந்த எஞ்சின் ஒப்பீடு என் கேள்விக்கு நேரடி விடையாக அமைந்துவிட்டது; ஏ380 விமானத்துக்கும் எஞ்சின் வெளியிலிருந்து, பொறுப்போடு சேர்ந்தே வந்தது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு சிறு ஐயம். இப்போது மொத்த ஆணை எவ்வளவு? ஓரிடத்தில் 174 என்றும், இன்னோரிடத்தில் 178 என்றும் காண்கிறேன்.

கணக்கன் எழுதியது:

இரண்டும் சரி, காலம்தான் வேறு. 2010 திருத்தத்துக்குப் பிறகு ஏழு நாடுகளுக்கும் 170. மலேசியா 2005-இல் வாங்க ஒப்புக்கொண்ட 4 சேர்ந்தால் 174. 2021-இல் கசகஸ்தானும் இந்தோனேசியாவும் ஆளுக்கு 2 கேட்டதால் 178 ஆயிற்று.

ஒப்பந்தத்தில் எண்ணிக்கை அப்படியே இருந்தாலும், ஸ்பெயின் தன் 27-இல் 13-ஐ வேறு எவருக்காவது விற்றுவிட நெடுநாள் முயன்றது. 2010-இல் அரசுகள் தந்த 150 கோடி யூரோ முன்பணம் வெளிநாட்டு விற்பனையிலிருந்துதான் திரும்ப வர வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த வெளிநாட்டு ஆணை, 2021-இல் கசகஸ்தானும் இந்தோனேசியாவும் கேட்ட நான்கு விமானங்கள்.